மறுத்தால் மறுத்ததுதான்

காகிதம், அச்சு, வெடிமருந்து, திசைகாட்டி ஆகியவற்றை உலகத்துக்குக் கொடுத்தது சீனா என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரியதாக இன்னொன்று இருக்கிறது. அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். ஒரு பொருளை 'வேண்டவே வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொள்ளும் கலைதான் அது. காகிதம் இல்லாமல் மனித குலம் எப்படியோ பிழைத்திருக்கும். வெடிமருந்து இல்லாமல் இன்னும் நன்றாகவே பிழைத்திருக்கும். ஆனால் இந்தக் கலை இல்லாவிட்டால் மனிதனுக்கும் கோழிக்கும் என்ன வித்தியாசம்? கோழி, தானியத்தைப் போட்டவுடன் கொத்துகிறது.

ஷாண்டோங் மாகாணத்தில் எங்கள் தாலியூ மாவட்டம் இந்தக் கலைக்குத் தலைநகரம். தாலியூவில் இதைக் கரைத்துக் குடித்தவர் கெங் ஷோயி. மாவட்ட 'நற்பழக்க மேம்பாட்டு அலுவலக'த்தின் துணைத் தலைவர். எங்கள் ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் மூன்று முறை மறுப்பது முறை. எல்லோரும் மறுக்கிறார்கள்தான். ஆனால் கெங் மறுப்பதைப் பார்க்கவே பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து வைத்துக்கொள்வார்கள்.

அவருடைய முதல் மறுப்பு பொருளுக்கு. "ஐயோ, இதெல்லாம் எதுக்கு? வீட்டுல வைக்க இடமில்ல!" இரண்டாவது மறுப்பு உறவுக்கு. "நாம பழகுன பழக்கத்துக்கு இதுதான் மரியாதையா? எனக்குக் கோபம் வந்துரும், ஆமா!" மூன்றாவது மறுப்பு பேச்சில் கிடையாது, உடம்பால் செய்வது. இரண்டு கையாலும் பெட்டியைப் பலமாகத் தள்ள வேண்டும். தள்ளத் தள்ளப் பெட்டி அவர் வீட்டு வாசலுக்கு உள்பக்கமாக நகர வேண்டும். இது எப்படி நடக்கிறது என்று உயர்நிலைப் பள்ளி பௌதிக ஆசிரியர் ஒருவர் இரண்டு வசந்த விழாப் புத்தாண்டுகளாக வந்து பார்த்தார். விளங்காமல் போய்விட்டார்.

ஒருமுறை மச்சினன் பன்றித் தொடை ஒன்றைக் கொண்டுவந்தான். உப்பில் ஊறவைத்துக் காயவைத்த முழுத் தொடை. கெங் அதைத் தூக்கிக்கொண்டு மச்சினனைப் பேருந்து நிலையம் வரை துரத்தினார். வண்டி புறப்படுகிற நேரத்தில் ஜன்னல் வழியாக உள்ளே எறிந்தார். அது முன்பின் தெரியாத ஒரு அம்மாள் மடியில் விழுந்தது. மச்சினன் அதைப் பிடுங்கி, ஓடுகிற வண்டியிலிருந்து திருப்பி எறிந்தான். தொடை கெங்கின் காலடியில் வந்து விழுந்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டு, 'இந்த ஆளைத் திருத்தவே முடியாது' என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டு, அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார். அன்றைக்கு இரண்டு வீட்டிலும் எல்லோருக்கும் மனசு நிறைந்திருந்தது.

இவ்வளவு பெரிய மனிதருக்கு ஒரே ஒரு சின்னக் குறை. தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் துணைத் தலைவரானவர், அது நரைத்த பிறகும் துணைத் தலைவராகவே இருந்தார். அவருடைய அறை வடக்குப் பார்த்தது. கழிப்பறைக்கு அடுத்த அறை. குளிர்காலத்தில் அங்கே பேனா மை உறையும். கோடையில் மூக்கு நன்றாக வேலை செய்யும் என்பதால் அதுவும் கஷ்டம். தலைவர் பாங்கின் அறையோ தெற்குப் பார்த்தது. நாள் முழுக்க வெயில், தோல் நாற்காலி, ஜன்னலில் பூந்தொட்டி வைக்க அகலமான திட்டு. பாங் இலையுதிர் காலத்தில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி கெங்குக்குத்தான் என்று ஊரே சொன்னது. ஊர் சொல்லும்போதெல்லாம் கெங், "எனக்கு எதுக்குங்க" என்பார். அவர் மனைவி மியாவ் லான் மட்டும் எதுவும் சொல்லாமல், திட்டுக்கு எந்தச் செடி பொருந்தும் என்று நர்சரிகளில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் நகரத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு மாவட்டமும் இந்தப் பருவத்துக்குள் ஒரு பழைய பழக்கத்தை 'எளிமைப்படுத்தி'க் காட்ட வேண்டும். பாங் கூட்டம் போட்டார். நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது அம்சத்துக்கு அடுத்தது ஐந்தாவது அம்சம். எங்கள் அலுவலகத்தில் நான்கு என்ற எண்ணை யாரும் வாயில் வைப்பதில்லை. எங்கள் பேச்சில் அது 'சாவு' என்பது போலவே ஒலிக்கும்; வீண் வம்பு எதற்கு. ஐந்தாவது அம்சம்: மூடநம்பிக்கை ஒழிப்பு.

"எதை எளிமையாக்கலாம்? தாராளமாச் சொல்லுங்க" என்றார் பாங்.

குறிப்பெடுக்கும் தாவ் அக்கா தலையைத் தூக்கினார். "கடிகாரத்தைப் பரிசாக் குடுத்தா சாவு வரும், குடுக்கக் கூடாதுன்னு ஒரு வழக்கம் இருக்கு தலைவரே. அத எடுத்துரலாமே?"

"நல்ல யோசனை. நான் ஓய்வு பெறும்போது நீங்களே எனக்கு ஒரு கடிகாரம் குடுங்க. போட்டோ எடுத்து நகரத்துக்கு அனுப்பலாம்."

தாவ் அக்கா முகம் வெளுத்துப்போய் எழுதியதை அடித்தார். ஓய்வுக்குக் கடிகாரம் கொடுத்து, மறுமாதமே பெரியவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊர் யாரைச் சொல்லும்? குடை, செருப்பு, வெள்ளைத் தாள் சுற்றிய பெட்டி என்று பரிசாகக் கொடுக்கக் கூடாத ஒவ்வொன்றாகப் பேச்சு வந்தது. ஒவ்வொன்றும் வந்த வேகத்தில் போனது. விஞ்ஞானத்தில் எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது. சோதித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அப்போது லுவான் எழுந்தார். ஷாங்காயில் நிர்வாகப் பயிற்சி முடித்துப் புதிதாக வந்திருந்த இளைஞர். 'தரவு' என்ற சொல்லைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் உபயோகிப்பவர்.

"தலைவரே, தரவு என்ன சொல்லுது? ஒரு பால் பெட்டி கை மாறச் சராசரியாப் பதினோரு நிமிஷம் ஆகுது. அதுல பத்து நிமிஷம் வேணாம் வேணாம்னே போயிருது. போன மாசம் ரெண்டு பேருக்குத் தோள்பட்டை பிசகியிருக்கு. மறுக்கறதக் குறைக்கணும்."

"எவ்வளவு குறைக்கலாம்?"

"ரெண்டா வச்சுக்கலாமே" என்றார் கெங். தன் சொத்தில் பாதியையாவது காப்பாற்றப் பார்த்தார்.

"ஒண்ணு போதும்" என்றார் லுவான்.

"தம்பி, ஒரே தடவை மறுத்தா, நிஜமாவே வேணாம்னு அர்த்தம் ஆயிடாதா?"

"ஆகட்டுமே அண்ணே. வேணாம்னா வேணாம், வேணும்னா வேணும். வெளிநாட்டுல எல்லாம் அப்படித்தான்."

"அங்கெல்லாம் மனுஷங்களுக்கு வெக்கமே கிடையாதா?"

"நேரம் மிச்சம் அண்ணே."

பாங் மேசையைத் தட்டினார். 'ஒரே மறுப்பு இயக்கம்' பிறந்தது. விதியை எழுதக் கெங்கைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்றும் முடிவானது. கெங் தன் அனுபவமின்மையைச் சொல்லி ஒருமுறையும், பார்வைக் குறைவைச் சொல்லி ஒருமுறையும், பேனாவைத் தள்ளிவிட்டு ஒருமுறையும் மறுத்து, பிறகு ஏற்றுக்கொண்டார். பழைய முறைப்படி எங்கள் மாவட்டத்தில் நடந்த கடைசி மறுப்பு அதுதான்.

எழுத உட்கார்ந்ததும் அவருடைய கைத்திறன் அவரையே ஏமாற்றிவிட்டது. விதி கல்வெட்டு மாதிரி அமைந்தது. 'கொடுப்பவர் ஒருமுறை கொடுப்பார். பெறுபவர் ஏற்பார் அல்லது மறுப்பார். மறுத்தால் மறுத்ததுதான்.' கடைசி வரியைச் சிவப்புத் துணியில் மஞ்சள் எழுத்தில் எழுதி மாவட்டம் முழுக்கக் கட்டினார்கள். சந்தையில் ஒன்று, மருத்துவமனையில் ஒன்று, அலுவலகக் கூட்ட அறையில் மிகப் பெரியதாக ஒன்று.

விளைவு உடனே தெரிந்தது. முதல் வாரம் எங்கள் ஊர் வாசல்களில் நடந்ததைப் பார்த்தவர்கள் கண்ணீர் விட்டிருப்பார்கள். ஒருவர் முட்டைக் கூடையை நீட்டுவார். மற்றவர் பழக்கதோஷத்தில் 'இதெல்லாம் எதுக்கு' என்பார். உடனே இருவர் பார்வையும் எதிர்ச் சுவரில் இருக்கும் பதாகைக்குப் போகும். "அப்ப சரிங்க" என்று கூடை திரும்பிப் போகும். வாசலில் நிற்பவர், கூடை தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நிற்பார்.

விருந்துகள் இன்னும் மோசம். சாப்பாட்டுக் கடையில் யார் பில் கொடுப்பது என்று சட்டை கிழியச் சண்டை போடுவதுதான் எங்கள் ஊர் நட்பு. செங்கல் சூளை முதலாளி மேங் பத்துப் பேரோடு சாப்பிட்டுவிட்டு, வழக்கப்படி, "இன்னிக்கு நான்தான்!" என்று கர்ஜித்தார். பத்துப் பேரும் ஒரே குரலில், "சரிங்க" என்றார்கள். மேங் அதன்பிறகு ஒரு மாதம் வெளியே சாப்பிடவில்லை.

கெங்கே மச்சினன் வீட்டில் மாட்டிக்கொண்டார். தட்டில் ஆறு கொழுக்கட்டை முடிந்ததும் மச்சினன் மனைவி, "அண்ணே, இன்னும் கொஞ்சம்?" என்றாள். "போதும்மா, வயிறு முட்டிருச்சு" என்றார் கெங், தட்டைச் சற்று முன்னால் நகர்த்தியபடியே. அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவிட்டாள். இரண்டாவது சுற்றில்தான் இறால் கொழுக்கட்டை என்பது அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து மியாவ் லானிடம் நூடுல்ஸ் வேகவைக்கச் சொன்னார். மியாவ் லான் காரணம் கேட்கவில்லை. அது கெங்கின் முகத்திலேயே எழுதியிருந்தது.

அலுவலக அறிக்கை மட்டும் ஒளி வீசியது. 'பரிசுப் பரிமாற்ற நேரம் வெகுவாகக் குறைந்துள்ளது.' உண்மைதான். பரிமாற்றமே குறைந்துவிட்டது.

இலையுதிர் காலம் வந்தது. பாங்குக்கு வழியனுப்பு விழா. புதிய தலைவரை அறிவிக்க மாவட்டத் துணைச் செயலர் ஹோவ் நேரில் வருகிறார். முதல் நாள் சாயங்காலமே மியாவ் லான் சமையல் கரண்டியும் கையுமாக ஒத்திகை ஆரம்பித்தார்.

"நான்தான் செயலர் ஹோவ். தோழர் கெங், இந்தப் பொறுப்ப ஏத்துக்கிறீங்களா?"

"எனக்கு எங்க அந்தத் தகுதி..."

கரண்டி தோளில் விழுந்தது. "சரின்னு சொல்லுங்க!"

"சொல்றேன், சொல்றேன். ஆனா வெக்கமா இருக்கே. கேட்ட உடனே சரின்னா, இந்த ஆள் நாற்காலிக்கு அலையறான்னு நினைக்க மாட்டாங்களா?"

"நீங்க அலையலையா?"

கெங் சோற்றுக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார். "அலையறேன். அதனாலதான் வாய் வரமாட்டேங்குது."

"ஒரே வார்த்தைங்க. பத்து வருஷமா அந்தக் கழிவறை வாசனையோட வீட்டுக்கு வர்றீங்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

மியாவ் லானின் குரல் உடைந்திருந்தது. கெங் அப்போதுதான் கவனித்தார்: மூலையில் ஒரு செவ்வந்தித் தொட்டி, புதிதாக வாங்கி, தண்ணீர் ஊற்றி, தயாராக இருந்தது. அவர் எழுந்து நின்று, "சரி" என்றார். மறுபடியும், "சரி." தூங்கப் போகும் வரை வீட்டுக்குள் நடந்துகொண்டே சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது.

மறுநாள் கூட்ட அறையில் சூரியகாந்தி விதைகளும் தேநீரும் வைத்திருந்தார்கள். பாங் கண் கலங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். லுவான் புதுக் கோட்டு போட்டு வந்திருந்தார். ஹோவ் எழுந்தார்.

"தோழர்களே, நீண்ட கால உழைப்பையும் எளிமையையும் கருதி, இந்தப் பொறுப்பத் தோழர் கெங் ஷோயிகிட்ட ஒப்படைக்கலாம்னு மேலிடம் நினைக்குது. தோழர் கெங், என்ன சொல்றீங்க?"

கெங் எழுந்தார். 'சரி' நாக்கு நுனியில் நின்றது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அறை முழுவதும் அவரையே பார்த்தது. காது சூடானது. அவர் வாழ்நாளில் ஆப்பிள் பெட்டி, தேயிலை டப்பா, பன்றித் தொடை என்று எதையுமே முதல் தடவையில் ஏற்றது கிடையாது. இப்போது ஒரு நாற்காலியையே நீட்டுகிறார்கள். வாய் தானாகத் திறந்தது.

"ஐயோ, என்னைவிடத் தகுதியானவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?"

ஹோவும் எங்கள் ஊர்க்காரர்தான். அவர் கையும் தானாக உயர்ந்தது. "அட, நீங்க ரொம்பத்தான்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். கண் மேலே போனது. கெங்கின் தலைக்கு நேர் மேலே அந்த மிகப் பெரிய பதாகை தொங்கியது. பிறகு கண் லுவானின் கோட்டுக்கு வந்தது. முகம் மெல்ல மலர்ந்தது.

"தோழர்களே! நாம என்ன பார்த்தோம்? தானே எழுதின விதிக்குத் தானே முன்னுதாரணமா நிக்கறார் தோழர் கெங்! சொந்த நலனத் தூக்கிப் போட்டுட்டார்! மறுத்தா மறுத்ததுதான்!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. கெங்கும் தட்டினார். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

"தோழர் லுவான், நீங்க?"

"சரி" என்றார் லுவான்.

எவ்வளவு நேரம் மிச்சம்!

அன்று சாயங்காலம் குடியிருப்பு மாடிப்படியில் காலடிச் சத்தம் ஓயவில்லை. கெங்குக்கு வாழ்த்துச் சொல்ல என்று ஊரில் பலர் முன்கூட்டியே பெட்டிகள் வாங்கி வைத்திருந்தார்கள். வாங்கிய பெட்டிகளை வீணாக்கலாமா என்ன? லுவானின் வீடு கெங் வீட்டுக்கு நேர் மேலே. எல்லாக் கால்களும் கெங்கின் வாசலில் சற்று மெதுவாகி, மேலே போயின. செங்கல் சூளை மேங் மட்டும் அதிர்ஷ்டம் கெட்டவர். அவர் தாண்டுகிற நேரம் பார்த்து மியாவ் லான் குப்பை கொட்டக் கதவைத் திறந்துவிட்டார்.

"அட, கெங் அண்ணே வீட்டுல இருக்காரா?" என்றார் மேங். வெள்ளைச் சாராயப் பெட்டியை மார்போடு அணைத்தபடி உள்ளே எட்டிப் பார்த்தார். "அண்ணே, இது... உங்களுக்குத்தான்."

"இதெல்லாம் எதுக்கு மேங்?" என்றார் கெங்.

"சரிங்கண்ணே! மறுத்தா மறுத்ததுதான்!" மேங்கின் முகத்தில் தெரிந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. இரண்டு இரண்டு படியாக ஏறினார்.

கெங் வாசலிலேயே நின்று மேலே காது கொடுத்தார். ஒரு 'ஐயோ'வாவது கேட்கும், ஒரு 'எதுக்கு'வாவது கேட்கும் என்று காத்தார். கதவு திறந்தது. "வைங்க அங்க. அடுத்தவங்க வர்றாங்க" என்றது லுவானின் குரல். கதவு மூடியது.

"பாத்தியா?" கெங் மனைவி பக்கம் திரும்பினார். "ஒரு பேச்சுக்குக்கூட வேணாம்னு சொல்லாம வாங்கறான். வெக்கங்கெட்டவன்!"

மியாவ் லான் குப்பைக் கூடையைக் கீழே வைத்தார். "நீங்க வெக்கத்தோட வாங்கினீங்க. அவன் வெக்கமில்லாம வாங்கறான். கொண்டுவர்றது அதே மேங்தான், அதே சாராயம்தான். எத்தனை தடவை வேணாம்னாலும் விடாம உங்க கையில திணிச்சாங்களே, அது உங்களுக்குன்னா நினைச்சீங்க? வரப்போற நாற்காலிக்கு!"

கெங் செவ்வந்தித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறை ஜன்னலில் வைத்தார். அங்கே வெயில் வராது. தள்ளத் தள்ளப் பெட்டி உள்ளே வந்ததை இத்தனை வருஷம் தன் சாமர்த்தியம் என்று நினைத்தார்; அது மேங்கின் சாமர்த்தியமாக இருந்திருக்கிறது. வெட்கம் என்றால் என்ன என்று அவருக்கு முதல்முறையாகத் தெரிந்தது; அது காதைச் சூடாக்குவதில்லை, உள்ளங்காலைச் சில்லிடவைக்கிறது.

அடுத்த வாரம் லுவான் அவரைத் தெற்குப் பார்த்த அறைக்குக் கூப்பிட்டார். தோல் நாற்காலியில் லுவான், சோபாவில் துணைச் செயலர் ஹோவ், ஓரத்தில் தாவ் அக்கா, கேமராவோடு ஒரு ஆள். மேசையில் ஒரு சிவப்புப் பட்டுப் பட்டை. அதில் தங்க எழுத்து: 'முன்மாதிரி மறுப்பாளர்.'

"அண்ணே, நகரத்துல உங்களப் பத்தித்தான் பேச்சு!" என்றார் லுவான். "நீங்க ஊர் ஊராப் போறீங்க. மேடை போட்டு, நாற்காலி போட்டு, அன்னிக்கு நடந்த மாதிரியே நடிச்சுக் காட்டறீங்க. செயலர் மாதிரி ஒருத்தர் நாற்காலி குடுப்பார், நீங்க வேணாம்பீங்க, ஜனங்க கைதட்டுவாங்க. வசந்த விழா வரைக்கும் வாரம் மூணு ஊர்."

கெங்குக்குக் கண்ணில் நீர் முட்டியது. "வேணாம் தம்பி."

"ஆஹா, கேட்டீங்களா?" ஹோவ் தொடையில் தட்டிக்கொண்டார். "என்ன அடக்கம்!"

"அடக்கம் இல்லைங்க. நிஜமாவே வேணாம். நான் கழிவறை பக்கத்து அறையிலயே இருந்துக்கறேன். வேணாம், என்னை விட்டுருங்க."

"அண்ணனுக்கு எப்பவும் விளையாட்டு" என்றார் லுவான். பட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வேணாம்னு மூணு தடவை சொல்லிட்டேன்! ஒரு தடவை சொன்னாலே போதும்னு விதி இருக்கே! நான்தானே எழுதினேன்!"

"அது ஜனங்களுக்கு அண்ணே. இது மேலருந்து வர்றது."

கெங் இரண்டு கையாலும் பட்டையைத் தள்ளினார். இந்தத் தடவை உண்மையாகவே வெளிப்பக்கமாகத் தள்ளினார். லுவான் இளைஞர், பலமானவர். ஹோவும் ஒரு கை கொடுத்தார். பட்டை கழுத்தில் விழுந்த நொடியில் கேமரா மின்னியது. படத்தில் கெங்கின் முகம் சிவந்து, கண்கள் ஈரமாக, பரவசத்தில் இருப்பவர் மாதிரி அழகாக விழுந்திருக்கிறது.

இப்படியாக, தாலியூ மாவட்டத்தின் தலைசிறந்த மறுப்பாளர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை மனதார 'வேண்டாம்' என்றார். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த தாவ் அக்கா, எதை எழுதுவது என்பதுபோல் ஹோவைப் பார்த்தார். ஹோவ் தலையசைத்தார். தாவ் அக்கா எழுதினார்: 'தோழர் கெங் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டார்.'